மருத்துவச் செலவில் வீட்டின் தராசு



மாத வருமானம் அரிசிக்கும் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் எவ்வாறு பிரிகிறது என்று கேட்டால், குடும்பத் தலைவர் ஏறத்தாழச் சரியாகவே சொல்லிவிடுவார். ஆனால் சென்ற ஓராண்டில் மருத்துவத்திற்கென்று செலவான தொகையில் தமக்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு, மகனுக்கும் மகளுக்கும் எவ்வளவு, தாயாருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுமாறு கேளுங்கள். பெரும்பாலோர் தடுமாறுவார்கள். நோய் நாள் பார்த்து வருவதில்லை. எனவே அதற்கான செலவை நாம் எழுதி வைப்பதுமில்லை. எழுதப்படாத அந்தக் கணக்கை ஆய்வாளர்கள் வெளியிலிருந்து எழுதிப் பார்த்திருக்கிறார்கள். அதில் தெரியவந்த செய்திகளையும், அவை குறித்து நம் சட்ட நூல்கள் என்ன கூறுகின்றன என்பதையும் இங்கே காண்போம்.

செலவு குறைந்தாலே அநீதியா?

முதலில் தராசைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தம் பிள்ளைகளுள் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்பு வழங்கிய தந்தை, அதற்குச் சாட்சியாக இருக்குமாறு வேண்டியபோது பெருமானார் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ள இந்நிகழ்ச்சி அனைவரும் அறிந்ததே. இதை விளக்கும் சட்ட வல்லுநர்கள், அன்பளிப்பு வேறு, தேவைக்காகச் செய்யப்படும் செலவு வேறு என்று பிரித்துக் காட்டியுள்ளனர். மகனுக்குக் கால் முறிந்து ஐம்பதாயிரம் ரூபாய் செலவாயிற்று, மகளுக்குச் சளிக் காய்ச்சல் வந்து ஐந்நூறு ரூபாயோடு முடிந்தது என்றால், அதில் அநீதி ஏதுமில்லை. இருவருக்கும் ஒரே நோய், ஒரே கடுமை. ஒருவர் அறுவை சிகிச்சைக்குச் செல்கிறார், மற்றவர் கஷாயத்தோடு வீட்டில் இருக்கிறார் என்றால்தான் கேள்வி எழுகிறது.

புள்ளிவிவரங்களைப் படிக்கும்போதும் இந்த எச்சரிக்கை தேவை. நம் நாட்டில் இருபதிலிருந்து முப்பது வயதுக்குட்பட்டோரில் மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவோரை எண்ணினால் பெண்களே மிகுதியாகத் தெரிவார்கள். அதைக் கண்டு, பெண்களுக்குத்தானே அதிகம் செலவழிக்கிறோம் என்று சிலர் வாதிடுவதுண்டு. அவர்கள் பிரசவத்தையும் நோயோடு சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். பிரசவம் நோயன்று, அக்குடும்பத்திற்கு வாரிசு வரும் வழி. அதை நீக்கிவிட்டு, நோய்க்கான சிகிச்சையை மட்டும் ஒப்பிட வேண்டும்.

அவ்வாறு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2019ஆம் ஆண்டு வெளிவந்தது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 2004, 2014ஆம் ஆண்டுத் தரவுகளை அது எடுத்துக்கொண்டது. வயது வந்த பெண்களின் மருத்துவமனைச் சிகிச்சைக்குச் செய்யப்படும் செலவு ஆண்களுக்கானதைவிடக் குறைவு என்பதும், நோயின் வகையையும் மருத்துவமனையில் தங்கிய நாட்களையும் கணக்கில் கொண்ட பின்னரும் அந்த இடைவெளி மறையவில்லை என்பதும் அதன் முடிவு. ஒடிசா மாநிலத்தின் அரசு உயர் மருத்துவமனை ஒன்றில் புற்றுநோயாளிகளிடம் 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வும் இதையே கண்டது. ஒரே கொடிய நோய், ஒரே மருத்துவமனை. ஆயினும் ஆணுக்குக் குடும்பம் செலவழித்த தொகை கூடுதல்.

குழந்தைப் பருவத்தில்

பெண் குழந்தையைப் பிறக்கவிடாமல் செய்வது பற்றி நாம் மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு நாடு முழுவதும் 927 பெண் குழந்தைகளும், முஸ்லிம்களிடையே 950 பெண் குழந்தைகளும் இருந்தனர். இந்த ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு நம் சமுதாயம் தப்பிவிட்டது என்று மகிழ்வோர் உள்ளனர். பிறக்க விடுவது ஒரு கடமை. பிறந்த பின் காய்ச்சல் வரும்போது தூக்கிக்கொண்டு ஓடுவது வேறொரு கடமை. முதல் எண் இரண்டாவதற்குச் சான்றாகாது.

இதற்கு நம்மவர் நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பங்களாதேஷின் மத்லப் வட்டாரத்தில் வயிற்றுப்போக்கு நோய்க்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் இயங்கியது. மருத்துவமும் இலவசம், நோயாளியை அழைத்து வரும் போக்குவரத்தும் இலவசம். ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் நோயுற்றார்கள். ஆயினும் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட ஆண் குழந்தைகளின் விகிதம் பெண் குழந்தைகளைவிட 66 சதவீதம் கூடுதலாக இருந்தது. 1981ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வு உலகெங்கும் இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிறது. பணம் இல்லாததால்தான் பெண் குழந்தையை அழைத்துச் செல்லவில்லை என்ற சமாதானம் இங்கே எடுபடாது. ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத இடத்திலும் ஒரு நாள் வேலை, ஒரு நாள் அலைச்சல், ஒரு நாள் சமையல் என்று செலவழிக்க வேண்டியிருந்தது. அதைக்கூட மகளுக்காகச் செலவழிக்க மனம் வரவில்லை. அந்த வட்டாரத்து மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதை நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

இந்தியாவில் 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில், ஐந்து வயது நிரம்பும் முன் இறந்த பெண் குழந்தைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,39,000 மரணங்கள் இயல்பு அளவுக்கு மேற்பட்டவை என்று 2018ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களே இதில் முன்னின்றன. இவை கருவில் அழிக்கப்பட்டவை அல்ல. பிறந்து, பெயர் சூட்டப்பட்டு, மடியில் வளர்ந்த பிள்ளைகள்.

கடன் வாங்கும்போது தெரியும் உண்மை

2004ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து, பிள்ளைகளின் மருத்துவமனைச் செலவுக்குப் பெற்றோர் எங்கிருந்து பணம் திரட்டுகிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் கண்ட செய்தி என் நெஞ்சை விட்டு அகலவில்லை. கையிருப்பிலும் மாத வருமானத்திலும் இருந்து செலவழிக்கும் வரை மகனுக்கும் மகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படுவதில்லை. கையிருப்பு தீர்ந்து, கடன் வாங்க வேண்டும், நிலத்தையோ மாட்டையோ விற்க வேண்டும், உற்றாரிடம் கையேந்த வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் வேறுபாடு பெரிதாகிறது. மகனுக்காக அந்தப் படியில் ஏறுகிறார்கள். மகளென்றால் அந்தப் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். குடும்பம் எவ்வளவு ஏழ்மையானதோ அவ்வளவுக்கு இந்த வேறுபாடும் கூடுகிறது.

முன்னே குறிப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வு வயது வந்தோரிடத்திலும் இதையே கண்டது. பெண்ணின் சிகிச்சைக்காகக் கடன் வாங்குவதும் சொத்தை விற்பதும் குறைவு.

இதற்குள் இருக்கும் மனக்கணக்கு நமக்குப் புதிதன்று. மகன் நாளை சம்பாதிப்பான், கடனை அடைப்பான். மகள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். இந்தக் கணக்கைப் பொருளாதார அறிஞர்கள் நாகரிகமான சொற்களால் விளக்குவார்கள். நம் மொழியில் சொன்னால், பிள்ளையின் உயிரை முதலீடாகப் பார்ப்பது என்பதே அதன் பொருள்.

இன்னொன்றும் உண்டு. பிறவியிலேயே இதயக் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பற்றி, புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் 2011ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் அறிவுறுத்திய பிள்ளைகளில், ஓராண்டுக்குள் அதைச் செய்துகொண்ட ஆண் பிள்ளைகள் 70 சதவீதம். பெண் பிள்ளைகள் 44 சதவீதம். பெண்ணின் மார்பில் தழும்பு விழுந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற அச்சமும் பெற்றோரின் தயக்கத்திற்குக் காரணமாக இருந்தது. தழும்பைக் கண்டு பெண் வேண்டாம் என்று போகும் மாப்பிள்ளை வீட்டார் எங்கோ வானத்திலிருந்து இறங்குவதில்லை. அடுத்த தெருவில், அடுத்த மஹல்லாவில் பெண் பார்க்கச் செல்லும்போது நாம்தான் அவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர், பிள்ளைகள் ஆகிய இரத்த உறவினருக்கான நஃபகா, அதாவது பராமரிப்புச் செலவு, தேவையின் அளவுக்கே கடமையாகிறது என்று ஷாஃபிஈ நூல்கள் கூறுகின்றன. உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றோடு மருந்தின் விலையையும் மருத்துவரின் ஊதியத்தையும் அவை அதில் சேர்த்துள்ளன. மகன், மகள் என்ற பிரிவு அங்கே இல்லை. ஹனஃபீ மத்ஹபிலோ ஒருபடி மேலே செல்கிறார்கள். சம்பாதிக்கும் வலிமை பெற்றவுடன் மகனின் பொறுப்பு தந்தையை விட்டு நீங்கிவிடுகிறது. மகளின் பொறுப்பு அவள் பருவம் எய்திய பின்னரும் திருமணம் வரை தந்தையிடமே இருக்கிறது. செலவழிக்கும் கடமை மகளிடத்தில் நீளமானது. நடைமுறையில் குறுக்கப்படுவதும் மகளிடத்தில்தான்.

மனைவியின் மருந்துச் செலவு

இப்போது சற்றுக் கடினமான இடத்திற்கு வருகிறோம். மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

மனைவிக்கு உணவும் உடையும் வீடும் கணவன்மீது கடமை என்பதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அவளது மருந்தின் விலையும் மருத்துவரின் ஊதியமும் கணவன்மீது கடமையல்ல என்றே பழைய நூல்களில் எழுதப்பட்டுள்ளது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜிலும் இது உண்டு. ஃபதாவா ஆலம்கீரியிலும் உண்டு. நோயுற்ற நாட்களிலும் அவளுக்குரிய உணவும் குழம்பும் தடையின்றித் தரப்பட வேண்டும் என்பதோடு மின்ஹாஜ் நிறுத்திக்கொள்கிறது. மத்ரஸாவில் இப்பாடத்தை ஓதும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இந்த இடத்தில் தலையை உயர்த்தி ஆசிரியரைப் பார்ப்பதுண்டு.

ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் அல்முக்னீ என்னும் நூலில் இதற்கு ஒரு காரணம் கூறுகிறார்கள். வாடகைக்குக் குடியிருப்பவர் வீட்டைப் பயன்படுத்துவதற்கு வாடகை தருகிறார்; வீட்டில் சுவர் இடிந்தால் அதைக் கட்டித் தருவது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அதுபோல மருத்துவம் என்பது உடலைப் பழுதுபார்ப்பது. அது உடலுக்கு உரியவரின் பொறுப்பு. இந்த உவமையைக் கேட்டு இக்காலத்தவர் முகம் சுளிக்கலாம். ஆனால் உவமைக்குள் இருக்கும் நிபந்தனையைக் கவனியுங்கள். சுவரைக் கட்டித் தர வீட்டு உரிமையாளரிடம் பொருள் இருக்கிறது என்பதே அந்த நிபந்தனை. மஹ்ரைக் கையில் பெற்றவள், தந்தையின் சொத்தில் தன் பங்கை அடைந்தவள், தன் பொருளைத் தானே ஆள்பவள் என்ற ஒரு பெண்ணை மனத்தில் வைத்தே அவர்கள் எழுதினார்கள்.

அந்தப் பெண் நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் இருக்கிறாள்? மஹ்ர் பதிவேட்டில் ஒரு சிறு தொகையாக எழுதப்படுகிறது. கைக்கூலி அதைவிடப் பலமடங்கு எதிர்த் திசையில் போகிறது. தந்தை இறந்த பின் பாகம் பிரிக்கும்போது, கல்யாணத்திற்கே நிறையச் செய்துவிட்டோமே என்று சொல்லிச் சகோதரியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். உரிமையாளரின் பணத்தை எல்லாரும் எடுத்துக்கொண்ட பின், சுவரை நீயே கட்டிக்கொள் என்று அவளிடம் சொல்வதற்கு அந்த இமாம்களின் பெயரைப் பயன்படுத்துவது நியாயமா?

மேலும், அக்காலத்தில் மருத்துவம் எப்போதோ நேரும் அரிய செலவு. மனைவியின் நஃபகா ஊர் வழக்கத்தை, அதாவது உர்ஃபை ஒட்டியே அளவிடப்படுகிறது. இன்று இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் நாள்தோறும் விழுங்கும் மாத்திரை, சோற்றைப் போலவே அன்றாடத் தேவையாகிவிட்டது. இக்காலத்துச் சிரியா நாட்டு அறிஞர் வஹ்பா ஸுஹைலீ (ரஹ்) அவர்கள் இதே அடிப்படையில்தான், மருத்துவத் தேவை இன்று உணவுத் தேவைக்கு நிகரானது, அதைவிட முக்கியமானதும் கூட என்று வாதிட்டு, மனைவியின் சிகிச்சைச் செலவைக் கணவன்மீது கடமையாக்கினார்கள். எகிப்து நாடு 1985ஆம் ஆண்டின் 100ஆம் எண் சட்டத்தின் மூலம், 1920ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தைத் திருத்தி, மனைவியின் நஃபகாவில் சிகிச்சைச் செலவையும் வெளிப்படையாகவே சேர்த்துவிட்டது. இமாம்களின் அடிப்படை விதியை அவர்கள் கைவிடவில்லை. அந்த விதியை இன்றைய வழக்கத்தின்மீது பொருத்திப் பார்த்தார்கள். என் தாழ்மையான கருத்தும் அதுவே.

கடமை, கடமையில்லை என்ற எல்லைக்கு அப்பால் ஒரு முன்மாதிரியும் நமக்கு உண்டு. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போருக்கு முஸ்லிம்கள் புறப்பட்டபோது, பெருமானாரின் மகளார் ருகையா (ரலி) அவர்கள் கடும் நோயில் இருந்தார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்வதற்காகக் கணவர் உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவிலேயே தங்கினார்கள். போரில் பங்கேற்றவருக்குரிய நன்மையும் கனீமத்தில் பங்கும் அவர்களுக்கும் உண்டு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். வெறும் முந்நூற்றுச் சொச்சம் பேர் களமிறங்கிய போரில், ஓர் ஆண்மகன் மனைவியின் படுக்கையருகே இருப்பது வீண் என்று கருதப்படவில்லை. நம்மில் பலருக்கோ, மனைவியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லக் கடையை அரைநாள் அடைப்பதுகூடப் பெரும் இழப்பாகத் தோன்றுகிறது.

அவள் சொல்வதில்லை என்பது பற்றி

அவளே ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாள். சொல்லியிருந்தால் காட்டியிருப்பேனே என்று கணவர்மார் கூறுவது வழக்கம். அது பெரும்பாலும் பொய்யன்று. 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்திற்கு அடுத்த ஆண்டு, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் எடுக்கப்பட்ட ஒரு கணக்கைப் பேராசிரியர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியுள்ளார். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதத்தினர் தம் உடல்நலம் சரியில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அவ்வாறு சொன்னவர்கள் 2.5 சதவீதத்தினரே. அந்தக் கைம்பெண்கள் ஆண்களைவிட இருபது மடங்கு நலமாக இருந்தார்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். தம் உடலின் துன்பத்தைத் துன்பமாக எண்ணும் பழக்கமே அவர்களுக்குக் கற்றுத் தரப்படவில்லை.

2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தச்சோகை உள்ளது. அதே வயது ஆண்களில் 25 சதவீதத்தினருக்கு. மருத்துவ வசதியில் முன்னிற்கும் தமிழகத்திலும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்நிலையில்தான் உள்ளனர். மாதவிடாயும் மகப்பேறும் பெண்ணின் இரத்தத்தைக் குறைப்பது இயற்கை. அதை ஈடுசெய்யும் உணவும் சில ரூபாய் மாத்திரையும் அவளுக்குக் கிடைக்காமல் போவது இயற்கையன்று. மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்பவளைச் சோம்பேறி என்று மாமியார் சொல்லும் வீடுகளில், அவள் அடுத்த முறை சொல்லாமல் இருந்துவிடுகிறாள்.

முதுமையில்

இந்தியாவில் இயல்புக்கு மேற்பட்ட பெண் மரணங்களை வயதுவாரியாகப் பிரித்து, 2010ஆம் ஆண்டு இரு பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதற்கு முன்பெல்லாம் இவை கருவிலும் தொட்டிலிலும் நிகழ்வதாகவே எண்ணப்பட்டது. பெரும்பகுதி வயது வந்த பின்னரே நிகழ்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். நடுத்தர வயதிலும் முதுமையிலும், இதய நோய் போன்ற சாதாரணமான நோய்களால், யாரும் செய்தியாக எண்ணாத மரணங்கள் அவை.

எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2016ஆம் ஆண்டு வந்த ஏறத்தாழ 24 லட்சம் புறநோயாளிகளின் பதிவுகள், மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவப் பிரிவை நீக்கி ஆராயப்பட்டன. ஒரு பெண்ணுக்கு 1.69 ஆண் என்ற கணக்கில் வந்திருந்தார்கள். வந்திருக்க வேண்டிய பெண்களில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை என்று ஆய்வாளர்கள் கணித்தனர். தொலைவு கூடக்கூட இந்த இடைவெளியும் கூடியது. தில்லியிலிருந்து வந்தோரைவிட பீகாரிலிருந்து வந்தோரிடையே பெண்கள் மேலும் குறைவு. இந்த ஆய்வில் நடுத்தர வயதினரிடையே இடைவெளி சற்றுக் குறைந்தே காணப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இளையவர்களிடையேதான் அது மிக அகலம். ஆனால் முதியவர்களிடையே அது மீண்டும் கூடி, ஒரு பெண்ணுக்கு 1.75 ஆண் என்ற கணக்கில் இருந்தது.

இலவசக் காப்பீடு இதைத் தீர்த்துவிடும் என்று கருதினோம். ராஜஸ்தான் மாநிலத்தில் 2015ஆம் ஆண்டு ஏழைக் குடும்பங்களுக்காகத் தொடங்கப்பட்ட பாமாஷா காப்பீட்டுத் திட்டத்தில், சிகிச்சை பெற்ற குழந்தைகளில் பெண் குழந்தைகள் 33 சதவீதமே. முதியோரில் பெண்கள் 43 சதவீதம். கட்டணம் இல்லை என்றாலும் பேருந்துக் கட்டணம் உண்டு, துணைக்கு வருபவரின் நாட்கூலி உண்டு, மருத்துவமனை மறைமுகமாகக் கேட்கும் பணமும் உண்டு. 2018இல் தொடங்கிய மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் என்பது தலைக்கு அன்று, குடும்பத்திற்கு. அந்தத் தொகையை யாருக்கு முதலில் பயன்படுத்துவது என்ற பழைய கேள்வி மீண்டும் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடுகிறது. தமிழக அரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இவ்வகையில் பாராட்டத்தக்கது. இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுவாசலுக்கே வரும்போது, துணைக்கு மகன் வர வேண்டும் என்று ஒரு தாய் காத்திருக்கத் தேவையில்லை.

முதிய தாயின் நிலை தனித்தன்மை உடையது. அறுபது வயதைக் கடந்த இந்தியப் பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கணவனை இழந்தவர்கள். அதே வயது ஆண்களில் மனைவியை இழந்தவர்கள் மிகக் குறைவு. தந்தைக்கு நோய் வந்தால் அருகில் தாய் இருக்கிறாள். தன் நகையைக் கழற்றித் தருகிறாள். தாய்க்கு நோய் வரும்போது அருகில் தந்தை இல்லை. கழற்ற நகையும் இல்லை. பெற்றோர் இருவருக்கும் செலவழிக்க ஒருவரிடம் போதிய பொருள் இல்லையென்றால், தந்தையைவிடத் தாயையே முற்படுத்த வேண்டும் என்று ஷாஃபிஈ நூல்கள் கூறுகின்றன. அவள் அதிகம் பலவீனமானவள் என்பது அதற்கு அவர்கள் கூறும் காரணம். மூன்று மகன்கள் இருந்தும், இந்த மாத மருந்து யாருடைய முறை என்று தாயை வீட்டுக்கு வீடு அனுப்பி வைக்கும் வழக்கத்திற்கு எந்த நூலிலும் இடமில்லை.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை

ஜும்ஆத் தொழுகைக்குப் பின் சிகிச்சைக்காக அறிவிப்புச் செய்து துண்டு ஏந்தும் வழக்கம் நம் பள்ளிவாசல்களில் உண்டு. அறிவிப்பைக் கேட்டு வந்து நிற்பவர் பெரும்பாலும் ஓர் ஆண் நோயாளியின் மகனோ சகோதரனோதான். பெண்ணின் நோய்க்காக வாசலில் வந்து நிற்பதற்கு ஆளும் குறைவு, வெளியே சொல்லத் தயக்கமும் அதிகம். பைத்துல்மால் நிர்வாகிகள், விண்ணப்பம் வரட்டும் என்று காத்திராமல், மஹல்லாவில் தனித்து வாழும் மூதாட்டிகளின் பட்டியலை எடுத்து, ஓர் ஆலிமாவையோ ஆசிரியையையோ அனுப்பி விசாரிக்கலாம். பெண் மருத்துவர் இல்லாததால் காட்டவில்லை என்று சொல்வோருக்கு, தேவை ஏற்படும்போது ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெற ஷரீஅத் அனுமதித்திருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லுவது இமாம்களின் பொறுப்பு.

நகையைப் பற்றி ஒன்று. கணவனின் அறுவை சிகிச்சைக்காக மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். வட்டியின் பாவம் ஒருபுறம் இருக்க, அந்த வளையல் அவளுடைய சொத்து. மனமுவந்து அன்பளிப்பாகத் தந்திருந்தால் அது அவளது பெருந்தன்மை. கடனாகத் தந்திருந்தால் அது கணவன்மீது உள்ள கடன். அவர் இறந்துவிட்டால், வாரிசுகளுக்குப் பாகம் பிரிக்கும் முன் அவருடைய சொத்திலிருந்து முதலில் அடைக்கப்பட வேண்டிய கடன். அதன் பின்னரே அவளுக்கு எட்டில் ஒன்றும், பிள்ளைகளுக்கு அவரவர் பங்கும். பல வீடுகளில் இந்தக் கடன் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. எட்டில் ஒன்றோடு அவள் அனுப்பப்படுகிறாள், சில வேளைகளில் அதுவும் இல்லாமல். கடனை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தில் இடப்பட்டுள்ள கட்டளை கணவன் மனைவிக்கு விலக்களிக்கவில்லை. நகையைக் கழற்றும் அன்றே ஒரு தாளை எடுத்து, எத்தனை கிராம், எந்த நாள், எதற்காக, கடனா அன்பளிப்பா என்று எழுதி, கணவர் கையெழுத்திட்டு, இரு சாட்சிகளிடமும் ஒப்பம் பெற்று, அந்தத் தாளை அவளிடமே கொடுத்துவிட வேண்டும்.